இரண்டு ஏழாம் எண்

காட்டாற்றங்கரையில் சேதி சொல்வது மரங்கொத்திகளின் வேலை. தரையில் இருப்பவர்களுக்கு அடிமரத்தில் தட்டும், கிளையில் இருப்பவர்களுக்கு உச்சிக் கொம்பில் தட்டும். ஒன்று தட்டியதை அடுத்தது கேட்டு, அப்படியே தட்டி அனுப்பும்.

யார் கிளப்பிய சேதி என்று தெரிய, முதலில் தன் எண்ணைத் தட்ட வேண்டும். கரையில் எத்தனையாவது மரமோ, அதுதான் எண். தன் எண்ணோடு திரும்பி வரும் சேதியை மட்டும் விட்டுவிடலாம். இல்லாவிட்டால் ஒரே சேதி காட்டைச் சுற்றிக்கொண்டே இருக்குமே.

ஏழாவது மரத்தில் செம்பட்டை என்ற மரங்கொத்தி இருந்தது; அடிமரத்தில் தட்டுவது அதன் வேலை. அந்த மரத்தடி வளையில் ஒரு கீரி, மூன்று குட்டிகளோடு.

"அண்ணே, உன் காதை நம்பித்தான் குட்டிகளை விட்டுட்டு இரைக்குப் போறேன்" என்று கீரி சொல்லும்.

ஆற்றின் மேல்பக்கம், பாறை உச்சியில் கருங்கொண்டை என்ற மரங்கொத்தி புதிதாக வந்தது. அங்கே கரைமரமே இல்லை, ஒரு பட்டுப்போன கொம்புதான். அதனால் எண்ணும் இல்லை. ஏழு நன்றாக இருக்கிறதென்று அதுவே வைத்துக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை.

ஒருநாள் உச்சிவேளையில், ஈசல் கிளம்பிய சேதியைச் செம்பட்டை தட்டி அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் ஆறாவது மரத்திலிருந்து ஏழு தட்டு வந்தது.

'நம்ம சேதிதான் சுற்றி வந்திருக்கு' என்று செம்பட்டை அதற்கு மேல் காது கொடுக்கவில்லை.

திடீரென்று ஆற்றில் செந்நீர் வெள்ளம் சுருட்டிக்கொண்டு வந்தது! கீரி வளையின் வாய் முங்கிப்போனது. ஓடிவந்த கீரி இரண்டு குட்டிகளைக் கவ்வி மேட்டில் போட்டது. மூன்றாவதை எடுத்தபோது அது அசையவில்லை. மூக்கெல்லாம் சேறு.

செம்பட்டை மேட்டுக்குப் பறந்து வந்தது.

வெகு நேரம் கழித்துக் குட்டி தும்மியது.

"சேதியே வரலையா, அண்ணே?"

"வந்துச்சு, என் எண்ணோட. நான்தான் விட்டுட்டேன்."

அப்போதுதான் பறந்து வந்த கருங்கொண்டை, "வெள்ளம்னு நான்தானே தட்டினேன்?" என்றது.

"ஏழு என் எண்ணுடா."

கருங்கொண்டை சேறு படிந்த குட்டியைப் பார்த்தது. "நீ அடிமரத்து ஆளு, நான் உச்சிக் கொம்புல மட்டும் தட்டுறவன். எண் ஒண்ணா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

"தட்டுற இடந்தான் ரெண்டு. கேக்குற காது ஒண்ணுதானே."

கீரி குட்டியின் மேலிருந்த சேற்றை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கருங்கொண்டை மரம் மரமாகப் போய்க் கேட்டு, யாருக்கும் இல்லாத இருபத்து மூன்றை எடுத்துக்கொண்டது. தட்டி முடிப்பதற்குள் அலகு வலிக்கும். ஆனாலும் ஒரு தட்டுக்கூடக் குறைக்காது.

நாலு பேர் நம்பியிருக்கும் வேலையில் இறங்குகிறவர், தன் அடையாளம் வேறொருவரிடம் இல்லையென்று எல்லோரையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும்.