முத்துப் பஸ்ப லேகியமும் மஞ்சள் நூலும்

மருதூர் அரசர் மணவாளராயர் வீட்டுக் கல்யாணத்தில் விருந்து பலமாகத்தான் நடந்தது. மறுநாள் காவலர்களில் பாதிப் பேர் கோட்டை வாசலில் இல்லை. வாய்க்கால் கரையில் இருந்தார்கள்.

அரண்மனை வைத்தியர் அகோர பண்டிதர் முத்துப் பஸ்ப லேகியம் கொடுத்தார். வாசலில் மூலிகை விற்கும் சடைச்சி மாதுளந்தோல் கஷாயம் கொடுத்தாள். காவலர்கள் பயத்தில் இரண்டையும் விழுங்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது.

"குணமாக்கியது என் லேகியம்! இந்தப் பொய்க்காரியை நாடு கடத்துங்கள், அரசே!" என்றார் பண்டிதர்.

"நாலு பிள்ளைகளோட நான் எங்கே போவேன், சாமி? பேதி நின்னது என் கஷாயத்துல" என்று அழுதாள் சடைச்சி.

அரசர் அமைச்சர் செண்பகராமனைப் பார்த்தார். "ஒரே வயிற்றுக்குள் போன இரண்டு மருந்தில் எது வேலை செய்தது? நீர் சொல்லாவிட்டால் இவள் போக வேண்டியதுதான்."

"அந்த வயிறுகள் இனி சொல்லாது, அரசே. புது வயிறுகள் வேண்டும்."

அதற்குப் பஞ்சமில்லை. மழை தொடங்கியதும் யானைக் கொட்டாரத்தில் பாகர்கள் முப்பது பேருக்கு ஒரே நாளில் பேதி கண்டது. செண்பகராமன் சீட்டுப் போட்டு அவர்களை மூன்றாகப் பிரித்தார். எல்லோருக்கும் உப்புக் கஞ்சி. அதோடு பத்துப் பேருக்கு லேகியம், பத்துப் பேருக்குக் கஷாயம்.

"மீதிப் பத்துப் பேருக்கு?" என்றார் பண்டிதர்.

"என் வைத்தியம்" என்ற செண்பகராமன், அவர்களின் கால் பெருவிரலில் மஞ்சள் நூல் கட்டினார்.

பிறகு ஆளுக்கொரு சட்டி வைத்தார். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும்.

"ஐயா, போட்டுவிட்டு ஓட நேரமில்லை. வந்து போடலாமா?" என்றான் ஒரு பாகன்.

"வந்து போடு. மறக்காதே!"

தினமும் கொட்டைகளை எண்ணினார்கள். கஷாயக்காரர்களின் சட்டிகளில் இரண்டாம் நாளே கொட்டை விழுவது நின்றது. லேகியக்காரர்களுக்கு நான்காம் நாள். நூல்காரர்களுக்கும் நான்காம் நாள்.

பண்டிதர் சபையில் துள்ளினார். "தாமதமானால் என்ன? என் லேகியம் பத்துப் பேரையும் குணமாக்கிவிட்டதே!"

"என் நூலும் அப்படித்தான்" என்றார் செண்பகராமன். "எனக்கும் அரண்மனை வைத்தியர் பதவி வேண்டும், அரசே."

பண்டிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நூலாவது, குணமாக்குவதாவது! மோசடி! நாலு நாள் கஞ்சி குடித்துக் கிடந்திருந்தால் அந்தப் பேதி தானாகவே நின்றிருக்கும்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தீர்ப்பைப் பண்டிதரே சொல்லிவிட்டார், அரசே" என்று வணங்கினார் செண்பகராமன்.

சடைச்சிக்கு அரண்மனை மாதுளந்தோப்பையே கொடுத்த அரசர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். சாட்சி சொல்ல வந்து பின்னால் நின்ற பாகர்கள் பதறிப்போனார்கள்.

"ஐயோ, அரசருக்கும் வந்துவிட்டது! சட்டியைக் கொண்டுவாருங்கள்!"