மிதக்காத மீன்

கழிமுகத் தண்ணீரின் தரத்துக்கு இலக்கு வைக்க ஓர் அதிகாரி வந்தார்.

"இந்த வருஷம் ஒரு மீன்கூடச் செத்து மிதக்கக் கூடாது. மிதந்துச்சுன்னா யாரையும் ஆத்துல இறங்க விடமாட்டேன்" என்றார், கையால் இறால் தடவிப் பிடிக்கும் தேசம்மாவிடம். ஆற்றில் கறுப்பாகக் கொட்டும் ஆலைக் கழிவுக் குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

"எட்டிடலாம் சார்" என்றாள் அவள்.

வருஷம் முடிந்தது. ஒன்றுகூட மிதக்கவில்லை. அதிகாரி மேடை போட்டு, மாலையும் போட்டுக்கொண்டு, "எப்படிச் சாதிச்சோம்னு சொல்லும்மா" என்று மைக்கை நீட்டினார்.

தேசம்மா பிடித்த இறாலைப் போட்டுவைக்க இடுப்பில் கட்டியிருந்த ஓலைப்பறியை அவிழ்த்து மேஜையில் கவிழ்த்தாள். நாலு சொட்டுக் கறுப்புத் தண்ணீர்தான் விழுந்தது.

"சாகறதுக்கு ஒண்ணாவது இருந்தாத்தானே சார் மிதக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேசம்மா சிரிக்கவில்லை. ஆற்றில் இறங்க இனித் தடையில்லை. இறங்கி எதைத் தடவுவது?