விடாக்கை வீட்டார்

தேனீக்குக் கொடுக்கு மட்டுமல்ல, பேச்சும் இருந்த காலம் அது. கரடி வழி கேட்கும், மனிதன் சொல்வான். மழை வருமா என்று மனிதன் கேட்பான், தவளை சொல்லும். சண்டை வராமல் இல்லை. வந்தால் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

கருங்காட்டு மலையில் மூங்கில்பள்ளம் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குத் தேன்தான் பிழைப்பு. ஊருக்கு மேலே சுவர் போல நின்ற பாறையில் வருஷம் தவறாமல் மலைத்தேனீக்கள் வந்து அடை கட்டும். ஒவ்வோர் அடையும் முறம் அகலத்துக்குத் தொங்கும். ஊருக்கும் தேனீக்களுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. இறங்குகிறவன் முதலில் குரல் கொடுக்க வேண்டும். தேனீக்களின் தாய் சரி என்று சொன்ன பிறகு, மேல்கோடியில் தேன் இருக்கும் பக்கத்தை மட்டும் அறுத்துக்கொள்ளலாம். கீழே குஞ்சுகள் இருக்கும் பக்கத்தைத் தொடக்கூடாது.

அந்தப் பாறையின் தலையில் ஒரு மரம் கிடையாது. கயிற்றை எதிலும் கட்ட வழியில்லை. முழங்கால் மாதிரித் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் வாலை ஒருவன் காலை உதைத்து உட்கார்ந்து பிடித்துக்கொள்வான். இன்னொருவன் இறங்குவான். அண்ணன் பிடித்தால் தம்பி இறங்குவான். தம்பி பிடித்தால் அண்ணன் இறங்குவான். ஒரே வயிற்றில் பிறந்தவனைத் தவிர வேறு யாரிடம் உயிரைக் கொடுப்பது என்று எல்லாரும் அப்படியே செய்துவந்தார்கள்.

நஞ்சன் அந்த ஊர்க்காரன் இல்லை. அவனுடைய அக்கா மருதி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டான். விறகுக் குச்சி மாதிரி உடம்பு. அவனைச் சீண்டாவிட்டால் அக்கா புருஷன் சடையனுக்குச் சோறு இறங்காது.

"மாப்பிள்ளை, காத்து பலமா அடிக்குது. மடியில ரெண்டு கல்லைக் கட்டிக்க. பறந்துடப் போறே."

"நான் பறந்தா உங்க சட்டியில களி மிஞ்சும் மச்சான். உங்களுக்கு நல்லதுதானே."

மருதி இரண்டு பேருக்கும் ஒரே அகப்பையால் களி போட்டுவிட்டு, "ரெண்டு பேரு வாயிலயும் இதைப் போட்டு அடைச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காட்டில் பூ இல்லை. மருதிக்கு எட்டாம் மாதம். வயிறு மட்டும் இருந்ததே தவிர, உடம்பில் சதை இல்லை. முகம் வெளுத்து, காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சடையன் சீண்டுவதை நிறுத்திவிட்டான். வீட்டில் அவன் பேசாமல் இருந்தது நஞ்சனுக்கு என்னவோபோல் இருந்தது.

தேனெடுக்கும் நாள் வந்தது. சடையன் இறங்குவது, அவனுடைய அண்ணன் பொம்மன் கயிறு பிடிப்பது, நஞ்சன் மூங்கில் குடலைகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போவது என்று ஏற்பாடு. புறப்படும்போது மருதி தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய் நஞ்சா, அவர் கயித்துல தொங்கறப்ப நீ வாயைத் திறக்காதே. சிரிச்சாருன்னா கை நழுவிடும்."

"மச்சான் சிரிச்சு ஒரு மாசம் ஆச்சுக்கா" என்றான் நஞ்சன்.

வெயில் ஏறும் முன் பாறைத் தலைக்குப் போய்விட்டார்கள். சடையன் தலையில் கம்பளியைப் போட்டு, இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு இறங்கினான். பொம்மன் காலை உதைத்துக் கயிற்றைப் பிடித்தான். நஞ்சன் விளிம்பில் குப்புறப் படுத்து, குடலையை இன்னொரு கொடியில் கட்டிக் கீழே இறக்கினான்.

அடைக்கு எதிரில் போய் நின்ற சடையன் குரல் கொடுத்தான். "தாயே, வேங்கைவீட்டுச் சடையன் வந்திருக்கேன்."

தேனீக்களின் தாய் பதில் சொன்னாள். "பூ இல்லாத வருஷம் சடையா. மேல்கோடியில ஒரு கை அளவுதான் இருக்கு. எடுத்துக்க. கீழ என் பிள்ளைங்க தூங்குது. ஆட்டாம அறு."

சடையன் அறுத்தான். குடலையின் அடிகூட நனையவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டு தொங்கினான். பிறகு அவன் பார்வை அடையின் கீழ்ப்பக்கம் போனது. பால் நிறத்தில், கொழுகொழு என்று, அறை அறையாகக் குஞ்சுகள். வாட்டித் தின்றால் செத்த உடம்பும் தேறும் என்று ஊரில் பேச்சு உண்டு. தின்று பார்த்தவர் யாரும் இல்லை.

கத்தி அந்தப் பக்கம் நகர்வதை மேலேயிருந்து நஞ்சன் பார்த்தான்.

"மச்சான், அது குஞ்சுப் பக்கம்."

சடையன் நிமிரவில்லை. "உங்க அக்காவுக்குத்தான்டா" என்றான்.

கத்தி இறங்கியது. பாதி அடை குடலைக்குள் விழுந்தது. மீதிப் பாதி குடலையின் விளிம்பில் பட்டுச் சிதறி, கீழே பள்ளத்துக்குப் போய்விட்டது. அது தரையில் விழுந்த சத்தம்கூட மேலே கேட்கவில்லை.

பாறையே எழுந்து வந்த மாதிரி தேனீக்கள் கிளம்பின. சடையன் கம்பளிக்குள் சுருண்டு முகத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டான். அவன்மேல் இடம் போதாத தேனீக்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தன. முதல் கொடுக்கு பொம்மனின் கண் இமையில் இறங்கியது. அடுத்தது காதில். அதற்கப்புறம் எண்ண முடியாது.

"நாலு பிள்ளைக்காரன்டா நான்" என்று அலறினான் பொம்மன். கயிறு அவன் கையிலிருந்து போனது. சுனையைப் பார்த்து அவன் ஓடிய ஓட்டத்தில் கூட ஒரு தேனீக் கூட்டமும் போனது.

கயிறு கல்லைச் சுற்றிச் சரசரவென்று ஓடியது. கீழேயிருந்து ஒரு கத்தல். கயிற்றின் வால் கல்லைத் தாண்டப் போகும் நேரம், நஞ்சன் அதன்மேல் விழுந்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்துகொண்டு போனது. உருண்டு, காலை அந்தக் கல்லில் உதைத்து நிறுத்தினான். கயிறு நின்றது. கீழே பதினைந்து ஆள் உயரத்துக்கு மேல் வெறும் காற்று. அதில் சடையன் ஆடிக்கொண்டிருந்தான்.

தேனீக்கள் நஞ்சனைச் சுற்றின. உடனே குத்தவில்லை. தாய்த் தேனீ அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"குச்சிப் பையா, கையை விடு. உன்மேல எங்களுக்குக் கோபம் இல்லை. பேச்சு மாறினவன் கீழ தொங்கறான்."

"விடலாம் தாயே. விட்டா விழறது மச்சான் மட்டும் இல்லை. எங்க அக்காவும் விழுவா. அவ வயித்துல ஒண்ணு இருக்கு, அதுவும் விழும்."

"எங்க பிள்ளைங்க விழுந்தப்ப நீ எதைப் பிடிச்சே?"

நஞ்சன் காலைக் கல்லில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டான்.

"ஒண்ணும் பிடிக்கலை" என்றான். "அதுக்கு என்கிட்ட நியாயம் இல்லை தாயே. நீங்க குத்துங்க. ஆனா நான் விட மாட்டேன்."

குத்தின. கை, கழுத்து, உதடு என்று பார்க்காமல் குத்தின. அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கண் இரண்டும் வீங்கி மூடுவதற்கு முன் அவன் கடைசியாகப் பார்த்தது தன் கைகளை. குத்திய தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்து, அவன் விரல்மேலும் கயிற்றின்மேலும் உதிர்ந்துகொண்டிருந்தன. கயிறு அதிர்ந்தது. கீழே சடையன் ஏறத் தொடங்கியிருந்தான்.

நஞ்சன் வீங்கிய உதட்டைப் பிரித்தான். "தாயே, பிள்ளைகளும் போச்சு. இப்ப பெரியவங்களையும் ஏன் என்மேல சாகக் கொடுக்கறே? நான் எப்படியும் விடப் போறதில்லை."

கொஞ்ச நேரம் இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகு தாய்த் தேனீ தன் கூட்டத்தை இழுத்துக்கொண்டாள். மனம் இரங்கி இல்லை. எண்ணிப் பார்த்தாள், மிச்சம் குறைவாக இருந்தது. அவ்வளவுதான்.

"இனிமே உங்களோட எங்களுக்குப் பேச்சு இல்லை" என்றாள். "பேசி வச்சது எதுக்கும் உதவலை."

தேனீ மனிதனிடம் சொன்ன கடைசிச் சொல் அதுதான். இன்றைக்கும் இறங்குகிறவன் முதலில் குரல் கொடுக்கிறான். ரீங்காரம் மட்டும்தான் வருகிறது.

சடையன் விளிம்பைப் பிடித்து ஏறி வந்தபோது, கயிற்றின் மறுமுனையில் இருந்தது யார் என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனான். முட்டி எலும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"மாப்பிள்ளை, வந்துட்டேன்டா. விடு. போதும், விடுடா."

விரல்கள் பிரியவில்லை. சடையன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் முஷ்டிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கயிற்றை அறுத்தான். குடலை என்ன ஆனது என்று பார்க்காமல், கையில் ஒரு முழக் கயிற்றோடு நஞ்சனை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவன் எடையே தெரியவில்லை.

ஊரில் விளக்கெண்ணெயும் பச்சிலையும் வைத்துக் கட்டினார்கள். ஒன்பதாம் நாள் கயிறு கையிலிருந்து கழன்றது. வீக்கம் வடிந்தது. கண் திறந்தது. பேச்சு வந்தது. விரல்கள் மட்டும் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன.

பொம்மனை யாரும் வையவில்லை. அவன் உடம்பிலிருந்தும் எழுபது எண்பது கொடுக்குப் பிடுங்கியிருந்தார்கள். அவனேதான் தம்பி வீட்டுப் பக்கம் வராமல் இருந்தான்.

மருதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலை எழுந்தால் அவளுக்கு இரண்டு வாய்க்கு வேலை. மடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, எதிரில் உட்கார்ந்த தம்பிக்குக் களியை உருட்டி ஊட்டுவாள். முதல் நாள் நஞ்சன் வாயைத் திறக்கவில்லை.

"என்னடா வெட்கம்? இவளுக்கு இருக்கா பாரு வெட்கம்."

"அவளுக்குப் பல்லு இல்லைக்கா. எனக்கு மீசை இருக்கு."

"மீசையில ஒட்டினா துடைச்சு விடறேன். திற."

அவன் திறந்தான். இரண்டு பேரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் மருதி அன்றைக்கு அடுப்படிக்குப் போனதும் புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வயசுப் பையன். கை விரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவனோடு அவன் முடிந்துபோவான். அவன் செய்ததைச் சொல்ல ஒரு பிள்ளைகூட மிஞ்சாது. அவளுக்கு அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவரான மூப்பன் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி தகப்பனைக் கேட்டார். "எந்த வீட்டுப் பிள்ளை?"

வேங்கைவீடு என்று சடையன் சொல்ல வேண்டும். அந்த மலையில் பெரிய வீட்டுப் பெயர் அதுதான். வேங்கைவீட்டாரே என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும்.

சடையன் பெண்டாட்டியைப் பார்த்தான். மருதி எழுந்து நின்றாள்.

"மூப்பரே, என் தம்பி பேரு இந்தப் பிள்ளைக்கு வேணும். கையை விடாதவன் வீட்டுப் பிள்ளைன்னு வைங்க."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பொம்மன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தான். "அப்ப நம்ம வீட்டுப் பேரு என்னாகிறது தம்பி?"

"அந்தப் பேரோடதான் அண்ணா அன்னைக்கு நான் கீழ போயிருப்பேன்" என்றான் சடையன். சத்தம் போடவில்லை.

மூப்பன் யோசித்தார். "பொண்ணாச்சே மருதி. நாளைக்குக் கட்டிக் கொடுத்தா அந்த வீட்டுப் பேரு வந்துடும். ஒரு தலைமுறைகூட நிக்காதே."

"கட்டிக் கொடுத்தாலும் இவளுக்கு இந்தப் பேருதான். இவ பெத்ததுக்கும் இதுதான். தகப்பன் வழியில வர்ற பேரு ஊரெல்லாம் இருக்கே. இது ஒண்ணு தாய்மாமன் வழியில வரட்டும்."

"பொண்ணு பிறக்காத வீட்டோட பேரு நின்னுபோகும், தெரியுமா?"

"நிக்கட்டும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

மூப்பன் நஞ்சனைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

நஞ்சன் மடங்கிய கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அதற்குள் மருதி குழந்தையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்துவிட்டாள். முஷ்டியால்தான் அவனால் அணைத்துக்கொள்ள முடிந்தது. குழந்தை நெளியவில்லை. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"விடாக்கை வீட்டுப் பிள்ளை" என்று மூப்பன் மூன்று முறை சொன்னார்.

அந்தப் பெயர் இப்போது ஒன்பது வீட்டில்தான் இருக்கிறது. மூங்கில்பள்ளத்தில் நான்கு, ஆற்றுக்கு அக்கரையில் மூன்று, சமவெளிக்குப் பிழைக்க இறங்கியவை இரண்டு. ஒரு காலத்தில் முப்பதுக்கு மேல் இருந்ததாம். ஆண் பிள்ளைகளாகவே பெற்ற வீடுகளில் மூப்பன் சொன்னபடியே நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், அப்பா பெயர் ஒன்று வீட்டுப் பெயர் வேறொன்றாக இருக்கிறதே என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் கையை விடாத கஞ்சப் பரம்பரை போலிருக்கிறது என்று சிரிப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் யாரோடும் வாதாடுவதில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டு, ஃபாரத்தில் அந்தப் பெயரையே எழுதச் சொல்வார்கள்.

பெயர் ஒன்பது வீட்டோடு நின்றாலும், வழக்கம் மலை முழுக்கப் பரவிவிட்டது. கருங்காட்டு மலையில் தேனுக்கு இறங்குகிறவனுக்கு அவன் அண்ணன் தம்பி கயிறு பிடிக்காமல், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது நஞ்சன் அந்தக் கயிற்றின்மேல் விழுந்த நாள் தொட்டுத்தான்.