கல்லில் ஏறாத கொள்கை

முன்னொரு காலத்திலே, கடல் இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கிடந்தபோது, முத்தரங்க நாட்டை அடலேறு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று நினைப்பார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று நினைப்பார். அவருடைய மந்திரி தேனப்பனுக்கு இரண்டு பெருமை. ஒன்று புத்தி, இன்னொன்று மீசை. அதன் நுனியில் கிளி உட்கார்ந்து ஊஞ்சலாடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சபையில் இரண்டு கட்சி. "துறைமுகத்தை மூடு, அந்நியச் சரக்கு வந்தால் உழவன் கெட்டான்" என்பது சாமந்தர் வல்லபராயரின் வயல் கட்சி. "துறைமுகத்தைத் திற, வியாபாரம் இல்லாத நாடு விளங்காது" என்பது வயிரவநாதரின் கப்பல் கட்சி.

வல்லபராயருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். ஒருநாள் காலை அவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, இரண்டு கொள்கையையும் கல்லில் வெட்டுவோம். ஐம்பது வருஷம் ஆனாலும் கட்சிக்காரன் எவனும் ஒரு சொல் மாறக் கூடாது. மாறினால் மீசையைச் சிரைத்து நாடு கடத்துவோம்!"

"பலே!" என்று தொடையைத் தட்டினார் ராஜா.

தேனப்பனுக்குப் பொறுக்கவில்லை. "பிறக்காத பிள்ளைகளின் வாய்க்கு இப்போதே பூட்டா, மகாராஜா? காலம் திரும்பினால் கட்சியும் திரும்பும். இவர் கட்சி அவர் பேச்சைப் பேசும், அவர் கட்சி இவர் பேச்சைப் பேசும்."

"ஐம்பது வருஷம் கழித்து நடப்பதை இன்றைக்கே பார்த்துவிட்டாரா? மந்திரிக்குச் சோதிடமும் வருமோ?" என்று இளித்தார் வல்லபராயர்.

"பொழுது சாய்வதற்குள் காட்டுகிறேன். இல்லாவிட்டால் என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள்."

நாவிதர் வந்தார். கல்தச்சரும் உளியோடு வந்து உட்கார்ந்தார். கத்தி தீட்டும் சத்தத்தில் மந்திரிக்கு மேலுதடு குறுகுறுத்தது. ஆனாலும் விடாமல் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

மத்தியானம் பச்சைத் தலைப்பாகையோடு ஒரு தூதர் நுழைந்தார். "எங்கள் தீவில் மழை பொய்த்துவிட்டது. துறைமுகத்தைத் திறந்தால் உங்கள் நெல்லை மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறோம்."

வல்லபராயர் துள்ளி எழுந்தார். "திறக்க வேண்டியதுதானே! உழவன் பிழைக்க வேண்டாமா? மூடச் சொன்ன மடையன் எவன்?"

"நீங்கள்தான்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

பச்சைத் தலைப்பாகைத் தூதர் போனதும் நீளத் தாடியோடு இன்னொரு தூதர். "துறைமுகம் திறந்ததும் எங்கள் ராட்சதக் கப்பல்கள் வரும். பாதிக் கூலிக்குச் சரக்கு ஏற்றும். உங்கள் ஊர்க் கப்பல்களை அடுப்பெரிக்க வைத்துக்கொள்ளுங்கள்."

"மூடுங்கள்!" என்று அலறினார் வயிரவநாதர். "சங்கிலி போட்டு மூடுங்கள்! நம் மாலுமி கதி என்ன ஆவது?"

"திற!" என்றது வயல் கட்சி. "மூடு!" என்றது கப்பல் கட்சி. கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, யார் பேருக்குக் கீழே எதை வெட்டட்டும்?"

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. தேனப்பன் தூதரின் தாடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. "கூத்துக்காரர் வேடப்பன், மகாராஜா. முதல் தூதரும் இவர்தான்."

"பொய்த் தூது! மோசடி!" என்று குதித்தார் வல்லபராயர்.

"தூது பொய்தான், சாமந்தரே. கத்தியது உங்கள் சொந்த வாய்தானே?"

"இரண்டு கட்சித் தலைவர் மீசையையும் எடு!" என்று உறுமினார் ராஜா.

தேனப்பன் குறுக்கே வந்தார். "வேண்டாம், மகாராஜா. இவர் உழவனுக்காகத் திரும்பினார், அவர் மாலுமிக்காகத் திரும்பினார். நாளைக்கு நம் பிள்ளைகளும் அப்படித்தான் திரும்புவார்கள். யோசித்துத் திரும்பத் தெரிந்த நாடு எங்கள் நாடு என்று எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அடுத்தவன் திரும்பக் கூடாது என்று கத்தி தீட்டுவதுதான் அசிங்கம்."

ராஜா கொஞ்சம் யோசித்தார். "சரி, கல்லும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்."

நாவிதர் மெல்ல எழுந்தார். "மகாராஜாவும் காலையில் சொன்னதை மாற்றிவிட்டீர்களே... யாரிடமிருந்து ஆரம்பிக்கட்டும்?"

ராஜா சட்டென்று தன் மீசையைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "நாவிதரே, வந்ததற்கு எங்கள் மந்திரி மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிவிடும். சாமந்தர் கண்ணாடி பிடிக்கட்டும்."

வல்லபராயர் தலை குனிந்தபடி கண்ணாடியைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், சாமந்தரே" என்றார் தேனப்பன். "நுனி தெரியவில்லை."