வாசல் தாண்டிய பரக்கத்

கீழைத் தீவுகளில் விருந்துக்குப் போனால், வயிறு நிறையச் சோறு போட்டது போதாதென்று வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பொட்டலத்துக்கு 'பெர்க்கத்' என்று பேர் வந்த கதை தெரியுமா உங்களுக்கு?

அந்தக் காலத்தில் மைனாக்கள் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தன. அப்படியொரு தீவில் மெலூர் என்பவள் இருந்தாள். பிள்ளை பெற்றுப் பத்தே நாள். நாற்பது நாள் முடியாமல் படியிறங்கக் கூடாது. கடலுக்குப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. அரிசிப்பானை காலி. பால் வற்றிப் பிள்ளை வீல் வீலென்று கத்தியது.

அடுத்த வீட்டுத் தீமா அன்று விருந்து வைத்தாள். தமிழ்க் கரையிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரர் மீரான் லெப்பைதான் நெய்ச்சோறு ஆக்கினார். மூங்கில் தட்டி வழியே வாசம் மட்டும் வந்தது.

"மோந்து பார்த்தால் பால் ஊறுமா?" என்றது தட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு மைனா.

"வம்பளக்கிற நேரத்துக்குப் போய் எனக்கு ஒரு பிடி சோறு கேளேன்!" என்றாள் மெலூர்.

மைனா போய்க் கேட்டது. தீமா போட்ட சத்தம் தட்டி தாண்டிக் கேட்டது. "விருந்துச் சோறு வாசல் தாண்டினால் என் பத்தாயத்து நெல்லும் கூடவே போய்விடும்! அவளை இங்கே வந்து சாப்பிடச் சொல்."

"பச்சை உடம்புக்காரி எப்படி வருவாள்?" என்றது மைனா.

மெலூர் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"நில்லு புள்ள, இறங்காதே!" லெப்பையின் குரல். அவர் தீமாவிடம் திரும்பினார். "என் இலையில போட்டது என் பங்குதானேம்மா? பச்சப்புள்ள அழுகையில எனக்குத் தொண்டையில இறங்குமா? பானையில பரக்கத் கேட்டு ஓதியிருக்கேன். பரக்கத்துன்னா கொடுக்கக் கொடுக்கப் பெருகுறது. உங்க நெல்லு குறைஞ்சா என் கப்பல் அரிசி ஒரு மூட்டை உங்களுக்கு."

தன் சோற்றை அப்படியே தேக்கிலையில் கட்டி மெலூரின் படியில் வைத்தார். "இந்தா, பரக்கத்து. சூடா சாப்பிடு."

சாயங்காலம் பால் சுரந்தது. பிள்ளை குடித்துத் தூங்கியது.

மறுநாள் தீமா நெல்லை மூன்று தரம் அளந்தாள். ஒரு பிடிகூடக் குறையவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு தானே ஒரு பொட்டலம் கட்டி எடுத்து வந்தாள்.

கப்பல் கிளம்பியபோது மைனாவும் பாய்மரத்தில் ஏறிக்கொண்டது. இறங்கிய கரையிலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னது. அந்தந்த ஊர் நாக்குக்கு ஏற்றபடி பரக்கத் பெர்க்கத் ஆயிற்று, பெர்க்கா ஆயிற்று.

அன்று முதல்தான் அந்தத் தீவுகளில் விருந்து முடிந்து எழுகிறவர்கள் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்: "வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஒரு பெர்க்கத் கட்டுங்களேன்."