மாடக்கண்ணுவின் தட்டு

தென்காசிக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, சமையல்கட்டு ஒன்று, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பத்தொன்பது பேர். நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றார்கள்.

கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நல்லபெருமாள் ஒருநாள் அங்கே வந்து சேர்ந்தார். தன்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அக்காவைக் கும்பிட்டார். அக்காவைவிட அவருக்கு இருபது வயது கூடுதல்.

"உங்களுக்கு என்ன வேலை வரும் புரபசரே?"

"கதை சொல்ல வரும்."

"அப்போ சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. மத்ததைப் பொறவு பார்ப்போம்."

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஓர் இங்கிலீஷ் நாவலை எடுத்துக்கொண்டார். குளிரில் நடுங்கும் ஊர். அதில் ஓர் அநாதை விடுதி. அங்கே தண்ணீர்க் கஞ்சி குடித்து வளரும் ஒரு சின்னப் பெண். குழந்தையாகக் கிடைத்தபோது அவளைச் சுற்றியிருந்த துணிக்குள் ஒரு வெள்ளிக் கரண்டி. கரண்டியின் காம்பில் ஒரு குடும்பத்தின் பெயர். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் அந்தப் பெயரைப் பார்க்கிறார். "என் பேத்தி!" என்கிறார். குதிரை வண்டியில் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்.

கதை முடிந்த அன்று பிள்ளைகள் கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் முப்பிடாதி அவரிடம் வந்தாள். ஒன்பது வயது. கைக்குழந்தையாக முப்பிடாதியம்மன் கோயில் வாசலில் கிடந்தவள் என்பதால் அந்தப் பெயர்.

"சார், சுரண்டைக்கு எந்த பஸ்ஸு?"

"எதுக்கு?"

தான் சாப்பிடும் எவர்சில்வர் தட்டை நீட்டினாள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. 'அமரர் பூ. மாடக்கண்ணு நினைவாக. குடும்பத்தார், சுரண்டை.'

"எங்க தாத்தா," என்றாள்.

பக்கத்தில் நின்ற அன்னக்கிளி தன் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதில் 'கலைமகள் லாரி சர்வீஸ் அன்பளிப்பு' என்றிருந்தது.

"அப்படின்னா எங்க தாத்தா லாரி சர்வீஸ்!"

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை. துணிமணியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நல்லபெருமாள் சமையல்கட்டுக்குப் போனார். அக்கா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். அந்தத் தட்டு யாரோ செத்துப்போனவர் நினைவாக் கொடுத்தது. இதை அவகிட்டே சொன்னா உடைஞ்சு போவா. சொல்லாட்டா வாசல்லயே கிடப்பா. நான் எதைச் செய்யட்டும்?"

"அந்த மாடக்கண்ணு எப்படிப்பட்ட ஆளு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ஆறு வருஷமா அந்தத் தட்டுல சோறு போடுதேன். ஒருநாளும் கேட்கத் தோணலை." அக்கா விதையை வழித்துப் போட்டார். "நாளைக்கு ஒன்பதரை பஸ்ஸுல அவளைக் கூட்டிட்டுப் போங்க."

"அவங்க விரட்டிவிட்டா?"

"திரும்பி வாரதுக்கும் பஸ்ஸு இருக்குல்லா."

முப்பிடாதி தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கி ரெட்டைச்சடை போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சுரண்டையில் மாடக்கண்ணு வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாடி வைத்த வீடு. மகன் செல்லத்துரை பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். தட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, எங்க அப்பா பேரு! பதினாறாம் நாள் சொந்தக்காரங்களுக்கெல்லாம் கொடுத்த தட்டு. என்ன சார், எங்கேயாவது கிடந்துதா?"

"சொந்தக்காரங்களுக்கா?" என்றாள் முப்பிடாதி. அவள் முகத்தை நல்லபெருமாளால் பார்க்க முடியவில்லை. மெதுவாக, எந்த மடத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னார்.

"ஓ, அந்த மடமா? மிஞ்சின தட்டை அங்கதான் கொடுத்தோம்."

"அப்போ அவுக எனக்குத் தாத்தா இல்லையா?"

சாவி நின்றது. செல்லத்துரை நல்லபெருமாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இல்ல தாயி. இது சும்மா தானமாக் கொடுத்தது."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அவுக எதை முதல்ல சாப்பிடுவாக?"

"யாரு?"

"மாடக்கண்ணு."

"இதை என்னத்துக்குக் கேக்க?"

"கழுவும்போது தினமும் நினைப்பேன். பேரு தேஞ்சிரக் கூடாதுன்னு அந்த இடத்துல மட்டும் நார் போட மாட்டேன். விரலாலதான் தேய்ப்பேன்."

செல்லத்துரை தட்டைக் கையில் வாங்கினார். ஆறு வருஷத் தட்டில் கீறல் விழாத இடம் அது ஒன்றுதான். படியில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா முதல்ல..." என்றார். நின்றுவிட்டார். "முதல்ல..."

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, திரும்பியும் போனது.

"மோர்மிளகாய்," என்றார் கடைசியில். "சோறு வைக்கதுக்கு முந்தியே ஒண்ணைக் கடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வடிய உட்கார்ந்திருப்பாரு. நாங்க சிரிப்போம். ஏன் சிரிக்கியோன்னு வையவும் முடியாது, அவ்வளவு காரம்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அவரு போட்டோவைக் கழட்டினோம். மாடியில எங்கேயோதான் கிடக்கு."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நல்லபெருமாள் கிளம்பிவிட்டார். வரும் வழியெல்லாம் முப்பிடாதி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்ல ஒரு கதையும் வரவில்லை. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரவு அவள் சாப்பிடவில்லை. காலையில் பையைப் பிரித்து, துணிகளைப் பழைய இடத்தில் அடுக்கினாள். பள்ளிக்கூடம் போனாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லோருக்கும் சோறு வைத்தாயிற்று. முப்பிடாதி அக்காவிடம் ஒரு மோர்மிளகாய் கேட்டு வாங்கினாள். தன் தட்டிலிருந்து முதல் கைச் சோற்றை எடுத்து மதில்மேல் வைத்தாள். மிளகாயைப் பக்கத்தில் வைத்தாள்.

"மாடக்கண்ணுத் தாத்தா, வாங்க! கா, கா!"

ஒரு காக்கா வந்தது. சோற்றைக் கொத்தியது. மிளகாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

"தாத்தாவுக்கு வயசாயிட்டுல்லா, காரம் சேரலை," என்றாள் அன்னக்கிளி.

முப்பிடாதி சிரித்தாள். அன்னக்கிளியும் ஓடிப்போய்த் தன் தட்டிலிருந்து ஒரு கைச் சோறு வைத்தாள்.

"லாரி சர்வீஸ், வாங்க! கா, கா!"

நல்லபெருமாள் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா, நாவல்ல கடைசி அத்தியாயத்துல அந்தப் பிள்ளையைக் குடும்பம் கண்டுபிடிச்சுடுது. நம்ம கதையில யாரையும் யாரும் கண்டுபிடிக்கலையே?"

அக்கா மதில்மேல் இருந்த காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் புரபசரே, மாடக்கண்ணுவைக் கண்டுபிடிச்சாச்சே."