தலை தட்டி அளந்த கருப்பனி

வெகு காலத்துக்கு முன்னால், மலை உச்சியில் பனி உறைந்து கிடக்கும் மூடுகுன்ற நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் அதை மறந்துவிடுவார். ஊர் மறக்க முடியாதே! அந்தச் சட்டங்களில் ஒன்று: பனிப்பால் செய்யும் உரிமை அரண்மனை மடைப்பள்ளிக்கு மட்டும்தான். வெளியே யார் செய்தாலும் அடுப்பை உடைத்து நாடு கடத்த வேண்டும். இன்று நாம் ஐஸ்கிரீம் என்கிறோமே, அதுதான் பனிப்பால். பாலையும் பாலாடையையும் சர்க்கரையோடு கலந்து, பனிக்கட்டியும் உப்பும் போட்ட தொட்டிக்குள் பானையை இறக்கி, மத்தால் கடகடவென்று கடைவார்கள்.

சந்தைத் தெருவில் செவந்தி என்பவள் வேறொன்று செய்தாள். பாலாடையோடு சர்க்கரையும் முட்டையின் மஞ்சள் கருவும் சேர்த்து, சிறு தீயில் கை ஓயாமல் கிண்டுவாள். கரண்டியின் முதுகில் அது கெட்டியாக ஒட்டிய பிறகுதான் பனித்தொட்டியில் இறக்கி, மெல்லச் சுழற்றி உறையவைப்பாள். அவள் அதற்கு வைத்த பெயர் கருப்பனி. சந்தையே சப்புக்கொட்டியது. மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயருக்கு மட்டும் வயிறு எரிந்தது. செவந்தியைப் பானையோடு சபைக்கு இழுத்துவரச் செய்தார்.

"பிரபு! அரண்மனைப் பனிப்பாலைத்தான் இவள் பெயர் மாற்றி விற்கிறாள். கருப்பனியாம்! பண்டமோ மஞ்சளாக இருக்கிறது. பெயரிலேயே பொய்!"

"ஏங்க, மஞ்சள் கருன்னு சொல்றோமே, அதுல எங்க இருக்கு கருப்பு?" என்றாள் செவந்தி.

சபை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது. ராஜா கருப்பனியை ஒரு வாய் சுவைத்தார். அதற்குச் சற்று முன்புதான், செவந்தியின் கண்ணெதிரிலேயே, தாண்டவராயர் அவருக்கு இரண்டு கிண்ணம் பனிப்பால் ஊட்டாத குறையாகக் கொடுத்திருந்தார். ராஜாவின் நாக்கு மரத்துக் கிடந்தது.

"அதுவும் சில்லென்று இருக்கிறது, இதுவும் சில்லென்று இருக்கிறது. அதுவும் இனிப்பு, இதுவும் இனிப்பு. இரண்டும் ஒன்றுதான்! பெண்ணே, இது பனிப்பால் என்று ஒப்புக்கொள். தாண்டவராயரிடம் மன்னிப்புக் கேள். மடைப்பள்ளியில் எடுபிடி வேலை தருகிறேன். மாட்டேன் என்றால் அடுப்பு உடையும்."

செவந்தி தானே மண் குழைத்துப் போட்ட அடுப்பு அது. அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் மன்னிப்பு என்ற சொல் அவளுக்குக் கோபத்தை மூட்டிவிட்டது.

"அடுப்ப உடைச்சாலும் உடைங்க மகாராஜா. செய்யாத தப்புக்கு மன்னிப்பு கேக்க எனக்கு வாய் வராது. ரெண்டும் வேறன்னு நிரூபிச்சுக் காட்டறேன்."

"என் நாக்கே சொல்லிவிட்டதே!"

"உங்க நாக்கு விறைச்சுப் போயிருக்குங்க. அது சொல்றத நான் நம்பறதா இல்ல. நாக்கே இல்லாம நிரூபிக்கறேன்."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று பக்கத்தில் நின்ற மந்திரிக்கே தெரியவில்லை. "உச்சிப்பொழுது வரை நேரம்" என்றார் ராஜா.

செவந்தி இரண்டு காலிப் படிகள் கேட்டாள். "ஒண்ணுல அவரோடது, ஒண்ணுல என்னோடது. அதிகாரியே விளிம்போட வழிச்சு, தலை தட்டி அளக்கட்டும். வெயில்ல வெச்சு அவரே காவலும் இருக்கட்டும்."

தாண்டவராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உருகினால் இரண்டும் பால்தானே, பைத்தியக்காரி தானாக வந்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார். சபை பார்க்க அளந்து, முற்றத்தில் வைத்து, ஓர் ஈயையும் அண்டவிடாமல் குந்தியிருந்தார்.

உச்சிப்பொழுதுக்குப் படிகள் சபைக்கு வந்தன. செவந்தியின் படியில் கெட்டியான மஞ்சள் பால், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. தாண்டவராயரின் படியில் வெள்ளைத் தண்ணீராகப் பாதிதான் இருந்தது.

"மகாராஜா, அரைப்படி பனிப்பாலக் காணோம்! காவலுக்கு இருந்தது யாருங்க?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மந்திரி, அரண்மனைப் பண்டத்தைத் திருடித் தின்றால் கசையடி என்று ஒரு சட்டம் போட்டேனோ?"

"போட்டீர்கள் பிரபு. போன ஆடியில்."

"ஐயோ பிரபு!" தாண்டவராயர் அலறினார். "ஒரு சொட்டும் குடிக்கவில்லை! வேகமாகக் கடையும்போது காற்று ஏறிப் பனிப்பால் பொங்கும். உருகியதும் காற்று போய்விட்டது, அவ்வளவுதான்!"

"அவளுடையது ஏன் அவ்வளவு குறையவில்லை?"

"அதில் மஞ்சள் கரு இருக்கிறது பிரபு! காய்ச்சிக் கெட்டியாக்கி மெல்லத்தான் சுழற்றுகிறாள். காற்று அதிகம் ஏறாது. அது வேறு, இது வே..."

தாண்டவராயரின் வாய் அப்படியே நின்றது.

"முடிங்க, அதிகாரி" என்றாள் செவந்தி. "பாதியில நிறுத்தாதீங்க. இது?"

"...வேறு" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பாதிப் படி காற்றையா இத்தனை நாள் தின்றேன்?" என்று ராஜா குதித்தார்.

"காத்து தப்பில்லீங்க. பனிப்பாலுக்கு அதுதான் அழகு, லேசா இருக்கும். என்னோடது கனமா, வழுவழுன்னு இருக்கும். ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ராஜா வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டுக் கருப்பனியை மறுபடி சுவைத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்ததும், "இன்று முதல் கருப்பனியும் அரண்மனைக்கு மட்டுமே!" என்றார்.

"அப்படின்னா என் அடுப்ப நானே உடைச்சுடறேன்" என்று செவந்தி பானையைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நில், நில்!" ராஜாவின் முகம் சிவந்தது. கோபத்தால் அல்ல, வெட்கத்தால். "மந்திரி, அந்தப் பனிப்பால் சட்டத்தைக் கொண்டுவந்து கிழித்துப் போடு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யட்டும். செவந்தி, எனக்கு வாரம் ஒரு படி கொடுப்பாயா?"

"வரிசையில வந்தா எல்லாருக்கும் உண்டுங்க."

அந்த வரிசையில் ராஜாவுக்காக வாராவாரம் நின்றவர் தாண்டவராயர். தன் முறை வந்ததும் "அது வேறு, இது வேறு" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னால்தான் படி நிறையும், அது ராஜாவின் புதுச் சட்டம். சத்தம் போதவில்லை என்றால் செவந்தி காதைக் காட்டி, "என்னங்க?" என்பாளாம். அவர் மறுபடி சொன்ன பிறகு, தலை தட்டி அளந்து கொடுப்பாளாம்.